பரண்ல தூங்குற பெயிண்ட் டின்: அது சொத்தா, செலவா?



வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க எவ்வளவு பட்ஜெட் போடணும்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல பெயிண்ட் விலை, கூலி, சதுர அடி கணக்கு எல்லாம் பேசினோம். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுட்டேன். வேலை முடிஞ்ச பிறகு மிஞ்சுற பெயிண்ட்டை என்ன பண்றது?

"இதுக்கெல்லாம் ஒரு ஆடிட்டர் பதிவு எழுதணுமா மேடம்?"னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், போன நவம்பர் மழை வரைக்கும்.

திருச்சியில அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு 2021-ல பெயிண்ட் அடிச்சோம். மிஞ்சின டின் எல்லாத்தையும் அப்பா பத்திரமா பரண்ல ஏத்தி வச்சிட்டார். ஹாலுக்கு அடிச்ச எமல்ஷன் 20 லிட்டர் வாளியில அடியில சுமார் 3 லிட்டர். ஜன்னல் கம்பிக்கு அடிச்ச எனாமல் அரை டின். வாசக்கதவு பாலிஷ் ஒரு பாட்டில். போன மழையில பாத்ரூம் பைப் கசிஞ்சு, ஹால் சுவர்ல 2 அடிக்கு 3 அடி அளவுல பொரிஞ்சு போச்சு. பைப்பை சரி பண்ணியாச்சு, சுவரும் காய்ஞ்சாச்சு. "பெயிண்ட்தான் மேல இருக்கே"ன்னு அப்பா பெருமையா வாளியை இறக்கினார்.

மூடியைத் திறந்ததும் சாக்கடை நாத்தம். உள்ள திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா இருந்தது. சரி, அதே கலரை புதுசா வாங்கலாம்னு பார்த்தா, வாளி மேல இருந்த ஸ்டிக்கர்ல பெயிண்ட் வழிஞ்சு கலர் நம்பர் படிக்க முடியல. கடையில பில்லும் இல்ல. கடைசியில 6 சதுர அடி பழுதுக்காக ஹால் நாலு சுவரும் அடிக்க வேண்டியதாப் போச்சு.

கணக்கைப் பாருங்க.

முழு ஹாலும் அடிச்ச செலவு:
பெயிண்ட் 6 லிட்டர், லிட்டர் ரூ.400 வீதம் – ரூ.2,400
கூலி, 2 பேர், 2 நாள், ஒரு நாளைக்கு ரூ.1,000 வீதம் – ரூ.4,000
பிரைமர், பட்டி, உப்புத்தாள் – ரூ.900
மொத்தம் – ரூ.7,300

பழைய பெயிண்ட் நல்லா இருந்திருந்தா:
கூலி, ஒரு ஆள், ஒரு நாள் – ரூ.1,000
கொஞ்சம் பிரைமர், பட்டி – ரூ.300
மொத்தம் – ரூ.1,300

வித்தியாசம் ரூ.6,000. பரண்ல இருந்த அந்த 3 லிட்டரோட வாங்கின விலை வெறும் ரூ.1,200. ஆனா அது கெட்டுப் போனதால நமக்கு நஷ்டம் ரூ.6,000.

அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "காசு போட்டு வாங்குனதும்மா, தூக்கிப் போட மனசு வரல. அதான் வச்சேன்."

வச்சது தப்பில்லை. வச்ச விதம்தான் தப்பு. அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

மிச்ச பெயிண்ட் = உங்க வீட்டு குளோசிங் ஸ்டாக்

ஒரு கடையோட கணக்கை ஆடிட் பண்ணும்போது, வருஷக் கடைசியில கையில இருக்கிற சரக்கை எண்ணுவோம். அதை வாங்கின விலை, இல்லைன்னா விற்றால் கையில கிடைக்கிற தொகை, ரெண்டுல எது குறைவோ அந்த மதிப்புலதான் கணக்கில் காட்டணும். இது அடிப்படை விதி.

இந்த விதிப்படி பார்த்தா உங்க மிச்ச பெயிண்ட்டோட மதிப்பு பூஜ்யம். கலர் கலந்த, திறந்த டின்னை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. பழைய இரும்புக் கடைக்காரர் காலி டின்னுக்குத்தான் ஏதோ கொடுப்பார்.

ஆனா வீட்டுக்கு அது விக்கிற சரக்கு இல்லை. அது ஸ்பேர் பார்ட். கார் டிக்கியில இருக்கிற ஸ்டெப்னி மாதிரி. விக்கப் போனா பெருசா ஒண்ணும் வராது, ஆனா நடுராத்திரி ஹைவேல பஞ்சர் ஆனா அதோட மதிப்பு வேற. அதனால "எவ்வளவு கொடுத்து வாங்கினோம்"னு பார்க்காதீங்க. "இது இல்லைன்னா எவ்வளவு செலவாகும்"னு பாருங்க.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. ஸ்டெப்னி ஒண்ணு போதும், நாலு வேண்டாம். ஒரு கலருக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் வச்சா டச்-அப் வேலைக்கு போதும். அதுக்கு மேல இருக்கிறது இடத்தை அடைக்கிற சரக்கு.

முதல்ல வாங்கும்போதே மிச்சத்தைக் குறைங்க

பெயிண்ட் கடையில நாம எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. "20 லிட்டர் வாளி எடுத்தா லிட்டர் கணக்குல சல்லிசு சார்."

ஒரு உதாரணம். உங்களுக்குத் தேவை 14 லிட்டர்னு வைங்க.

20 லிட்டர் வாளி: லிட்டருக்கு ரூ.360, மொத்தம் ரூ.7,200
10 லிட்டர் (லிட்டருக்கு ரூ.380) + 4 லிட்டர் (லிட்டருக்கு ரூ.400): ரூ.3,800 + ரூ.1,600 = ரூ.5,400

பெரிய வாளி லிட்டருக்கு ரூ.20, ரூ.40 கம்மி. ஆனா நீங்க உண்மையில சுவத்துல பூசுறது 14 லிட்டர்தான். அந்தக் கணக்குல வாளியோட விலை லிட்டருக்கு ரூ.514. சின்ன டின்களோட விலை ரூ.386. கூடுதலா கொடுக்கிற ரூ.1,800 பரண்லதான் போய் உட்காரும். அதுலயும் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கு. 2018 ஜூலைக்கு முன்னாடி பெயிண்ட்டுக்கு 28% இருந்தது, அப்புறம் 18% ஆச்சு. எந்த வீதமா இருந்தாலும் வீட்டுக்கு வாங்குற நமக்கு அந்த வரி திரும்ப வராது.

எவ்வளவு தேவைன்னு எப்படித் தெரியும்? சுவரோட நீளம் × உயரம் போட்டு, கதவு ஜன்னலைக் கழிங்க. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும்னு டின்லயே போட்டிருக்கும். ஆனா அது ஒரு கோட்டுக்கா, ரெண்டு கோட்டுக்கான்னு கவனமா படிங்க. நிறைய பேர் ஒரு கோட் கணக்கை எடுத்துக்கிட்டு, பாதி வேலையில மறுபடி கடைக்கு ஓடுவாங்க.

ரெண்டு டிப்ஸ்:

1. முதல்ல கொஞ்சம் குறைவா கலர் கலக்கச் சொல்லுங்க. பத்தலைன்னா ஒரு சின்ன டின் வாங்கிக்கலாம். கலர் கலக்காத, சீல் பிரிக்காத டின்னை சில கடைகள்ல திரும்ப எடுப்பாங்க. இதை வாங்கும்போதே கேட்டுக்கோங்க. கலர் கலந்துட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க.

2. ஒரே கலரை ரெண்டு தடவையா கலக்கினா லேசா வித்தியாசம் வரலாம். அதனால கடைசி கோட்டுக்கு முன்னாடி பழைய மிச்சத்தையும் புது டின்னையும் ஒரே வாளியில ஊத்தி கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க. பாதி சுவர் ஒரு கலர், மீதி சுவர் ஒரு கலர்னு ஆகாது.

பெயிண்டர் எழுதித் தர்ற லிஸ்ட்டை அப்படியே வாங்காம, நீங்களும் ஒரு தடவை அளந்து பாருங்க. பல வாளிகள்ல பெயிண்டருக்குன்னு டோக்கனோ பாயின்ட்டோ இருக்கும். அது அவங்க தொழில்ல கிடைக்கிற ஊக்கத்தொகை, தப்பு இல்லை. ஆனா பெரிய வாளியை பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பெயிண்ட் ஏன் கெட்டுப் போகுது?

இது புரிஞ்சா எப்படி வைக்கணும்னு தானா புரிஞ்சிடும்.

தண்ணியில கலக்குற எமல்ஷன், டிஸ்டெம்பர்: இதுக்கு எதிரி ரெண்டு. ஒண்ணு, காத்து பட்டு தண்ணி ஆவியாகி கெட்டியாகுறது. இன்னொண்ணு, கிருமி. டின்ல வரும்போது கெடாம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. ஆனா பெயிண்டர் அடிக்கும்போது குழாய்த் தண்ணி ஊத்தி நீர்க்க வைப்பார். வேலை முடிஞ்சதும் டிரேயில மிஞ்சினதை மறுபடி வாளியிலயே கொட்டுவார். தண்ணியோட கிருமியும் போகும், மருந்தோட வீரியமும் குறையும். எங்க வீட்டு வாளியில நடந்தது இதுதான். மாவுல கை போட்டா புளிக்கிற கதைதான், வேற ஒண்ணும் இல்லை.

டர்பன்டைன்ல கலக்குற எனாமல், வார்னிஷ்: இது வெறுமனே ஆவியாகி காயுறது இல்லை. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்துதான் இறுகும். சுவத்துல காயுறதுக்கு என்ன காரணமோ, அதே காரணத்தால டின்லயும் காயும். டின்ல பாதி காலியா இருந்தா பாதி டின் காத்து. மேல பாலாடை மாதிரி ஏடு படியுறது அதனாலதான்.

ஆக ரெண்டுக்கும் பொதுவான சூத்திரம் ஒண்ணுதான்: காத்து கம்மி, சுத்தம் ஜாஸ்தி.

எடுத்து வைக்கிற முறை: வேலை முடியுற அன்னைக்கே

பெயிண்டர் கிளம்புறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும். "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்"னு விட்டா டின் திறந்தே கிடக்கும்.

1. தண்ணி கலக்காத பெயிண்ட்டை தனியா ஒதுக்குங்க. வேலை ஆரம்பிக்கிற நாளே, கலர் கலந்த புது டின்ல இருந்து ஒரு லிட்டரை முதல்லயே எடுத்து மூடி வச்சிடுங்க. இதுதான் என்னைப் பொறுத்தவரை பெஸ்ட். சம்பளம் வந்ததும் சேமிப்பை முதல்ல எடுத்து வைக்கிற மாதிரி. செலவு போக மிஞ்சினதை சேமிக்கலாம்னு நினைச்சா, மிஞ்சுறது டிரேயில இருக்கிற அழுக்குதான்.

2. சின்ன டப்பாவுக்கு மாத்துங்க. 20 லிட்டர் வாளியில 1 லிட்டரை வைக்காதீங்க. டப்பா கிட்டத்தட்ட கழுத்து வரைக்கும் நிரம்பணும். எமல்ஷனுக்கு நல்லா மூடுற பிளாஸ்டிக் டப்பா, இல்ல அகலவாய் கண்ணாடி பாட்டில் போதும். இரும்பு டின்ல வச்சா துருப்பிடிச்சு பெயிண்ட்ல பழுப்பு இறங்கும். எனாமல், வார்னிஷ், தின்னர் கலந்த எதுவா இருந்தாலும் பிளாஸ்டிக் வேண்டாம். உலோக டின், இல்ல கண்ணாடி.

3. வடிகட்டுங்க. பழைய கொசுவலைத் துணியோ வேட்டித் துணியோ போதும். பிரஷ் முடி, காய்ஞ்ச துணுக்கு எதுவும் உள்ள போகக் கூடாது.

4. டின்னோட விளிம்பைத் துடைங்க. மூடி உட்கார்ற பள்ளத்துல பெயிண்ட் தேங்கி காய்ஞ்சா மூடி சரியா உட்காராது. அங்கதான் காத்து போகும். துடைச்ச பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை விரிச்சு, அது மேல மூடியை வச்சு, மரக்கட்டையை குறுக்க போட்டு தட்டுங்க. நேரா சுத்தியால அடிச்சா மூடி நெளிஞ்சிடும்.

5. எனாமலா இருந்தா மேலாக ஒரு மெல்லிய படலம் மட்டும் டர்பன்டைன் ஊத்தி, கலக்காம மூடுங்க. அந்தப் படலம் காத்தைத் தடுக்கும். அடுத்த தடவை எடுக்கும்போது அதையும் சேர்த்து கலக்கிக்கலாம். மூடி கசியாதுன்னு உறுதியா தெரிஞ்சா டின்னை தலைகீழா வைக்கிறதும் நல்ல வழி. பெயிண்ட்டே மூடி இடுக்கை அடைச்சிடும்.

மர பாலிஷ்: இங்கதான் காசு ஜாஸ்தி, கவனமும் ஜாஸ்தி

சுவரை விட கதவு, கட்டில், பூஜை ரூம் வேலைக்குத்தான் லிட்டர் விலை அதிகம். ஆனா எல்லா பாலிஷும் ஒண்ணு இல்லை. ஆசாரிகிட்டயோ பாலிஷ்காரர்கிட்டயோ "அண்ணே, இது என்ன வகை?"ன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

ஸ்பிரிட் பாலிஷ்: அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு செய்யுறது. கரைச்ச நாள்ல இருந்தே இதுக்கு வயசு ஆரம்பிச்சிடும். பல மாசம் கழிச்சு பூசினா சரியா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும். அதனால இதை மிச்சம் பிடிக்கிறதை விட, கரைக்காத அரக்கு செதிலை உலர்ந்த இடத்துல வச்சு, தேவைப்படும்போது கொஞ்சமா கரைச்சுக்கிறது புத்திசாலித்தனம். கரைச்சதை வைக்கணும்னா கண்ணாடி பாட்டில். இரும்பு பட்டா கலர் கறுத்துப் போகும்.

என்சி லாக்கர்: இது தின்னர் ஆவியாகித்தான் காயும். அதனால கெட்டியானாலும் அதுக்குரிய தின்னர் ஊத்தினா பல நேரம் மறுபடி இளகும். ஆனா ரொம்ப சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருள். வீட்டுக்குள்ள ஸ்டாக் வைக்கவே வேண்டாம்ங்கிறது என் கருத்து.

பியூ, மெலமைன்: பெரும்பாலும் ரெண்டு டப்பாவா வரும், பாலிஷ் தனி, ஹார்ட்னர் தனி. ரெண்டையும் கலந்துட்டா அவ்வளவுதான், சில மணி நேரத்துக்குள்ள பயன்படுத்தியாகணும். கலந்த மிச்சத்தை மறுபடி டின்ல ஊத்தினா முழு டின்னும் போச்சு. அதை இறுக்கமா மூடி வைக்கவும் கூடாது. உள்ள சூடோ வாயுவோ உண்டாகி டப்பா உப்பலாம். கலக்காததை மட்டும் தனித்தனியா வைங்க. பியூ ஹார்ட்னருக்கு காத்துல இருக்கிற ஈரமே எதிரி. நம்ம ஊர் மழைக்காலத்துல ஒரு தடவை திறந்து மூடினா ரொம்ப நாள் தாங்காது. அதனால தேவைக்கு மட்டும் சின்ன பேக் வாங்குறதுதான் லாபம்.

எண்ணெய் பாலிஷ்: ஆளி விதை எண்ணெய் மாதிரி எண்ணெய் பூசுறவங்க ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. துடைச்ச துணியை கசக்கி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துணி குவியலா இருந்தா சூடு வெளியேற முடியாம, தீக்குச்சி இல்லாமலே தானா பத்திக்கும். வெளியில ஒத்தையா விரிச்சு காயப்போட்டு, நல்லா விறைப்பானதும் போடுங்க.

எங்க வைக்கிறது? எங்க வைக்கவே கூடாது?

குளிர்ச்சியான, வெயில் படாத, ஈரம் இல்லாத இடம். மொட்டைமாடி தகர ஷெட் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயில்ல அது அடுப்பு. தரையில நேரா வைக்காம ஒரு பலகை மேல வைங்க, டின் துருப்பிடிக்காது.

தின்னர், டர்பன்டைன், எனாமல், லாக்கர் இதெல்லாம் கேஸ் சிலிண்டர் பக்கம், பூஜை விளக்கு பக்கம், மாடிப்படி அடியில இருக்கிற இன்வர்ட்டர் பேட்டரி பக்கம் வைக்கக் கூடாது. காத்தோட்டம் இருக்கிற, பூட்டு போடுற இடம் வேணும்.

அடுத்து சொல்றதுல பணக் கணக்கு இல்லை. ஆனா நான் இந்தப் பதிவு எழுத இதுதான் உண்மையான காரணம்.

பரணை சுத்தம் பண்ணின அன்னைக்கு, எல்லா டின்னையும் இறக்கி ஹால்ல வச்சோம். அதுல ஒரு தண்ணி பாட்டில். உள்ள தெளிவா, தண்ணி மாதிரியே இருந்தது. பெயிண்டர் விட்டுட்டுப் போன டர்பன்டைன் மிச்சத்தை அப்பா அதுல ஊத்தி வச்சிருந்தார், வீணாக்கக் கூடாதேன்னு. என் பொண்ணுக்கு மூணு வயசு. நாங்க வாளியை மோந்து பார்த்து மூக்கைப் பொத்திட்டு நிக்கிற நேரத்துல, அவ அந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிட்டு இருந்தா. அம்மா பார்த்துட்டு ஓடி வந்து பிடுங்கினாங்க. குழந்தை அழுதது, நாங்க யாரும் ரொம்ப நேரம் பேசல.

அந்த பாட்டிலோட மதிப்பு ஐம்பது ரூபா இருக்குமா? அதுக்காக எதைப் பணயம் வச்சிருந்தோம்னு நினைச்சா இன்னைக்கும் கை நடுங்குது.

தயவுசெஞ்சு தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில், சாப்பாட்டு டப்பா எதுலயும் தின்னரோ டர்பன்டைனோ ஊத்தி வைக்காதீங்க. வந்த டின்லயே வைங்க. எமல்ஷனை வேற டப்பாவுக்கு மாத்தினாலும் பெருசா "பெயிண்ட்"னு எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்துல வைங்க. தப்பித் தவறி யாராவது தின்னர், டர்பன்டைன் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள்ள போனா இன்னும் ஆபத்து. எந்த டின்னுங்கிறதையும் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஸ்டாக் ரெஜிஸ்டர் போடுங்க

ஆடிட்டர் பதிவுல ரெஜிஸ்டர் இல்லாம எப்படி? ஒவ்வொரு டப்பா மேலயும் பேப்பர் ஒட்டி, பெர்மனன்ட் மார்க்கர்ல இதை எழுதுங்க:

1. எந்த ரூம், எந்த சுவர்
2. கம்பெனி, பெயிண்ட்டோட முழுப் பெயர் (மேட்டா, பளபளப்பா)
3. கலர் பெயர், கலர் கோடு, எந்த பேஸ்
4. பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி
5. திறந்த தேதி
6. அடிச்சது பிரஷ்லயா, ரோலர்லயா
7. கடை பெயர், பில் நம்பர்

எழுதினதையும், டின்னோட ஸ்டிக்கரையும், பில்லையும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. பில் பேப்பர்ல மை அழிஞ்சாலும் போட்டோ இருக்கும். பெயிண்ட்டே கெட்டுப் போனாலும் இந்த விவரம் இருந்தா ஒரு லிட்டர் புதுசா கலந்து வாங்கிடலாம். எங்க வீட்டு ரூ.6,000-ல பெரும்பகுதி போனது பெயிண்ட் கெட்டதால இல்லை, கலர் நம்பர் தெரியாததால.

வருஷத்துக்கு ஒரு தடவை, போகி சமயத்துல ஸ்டாக் செக் பண்ணுங்க. பழசு முதல்ல செலவாகணும், புதுசு அப்புறம்.

பழைய டின்னைத் திறக்கும்போது

மோந்து பாருங்க. எமல்ஷன்ல அழுகல் நாத்தம் இருந்தா யோசிக்காம ஒதுக்குங்க. சுவத்துல அடிச்ச பிறகும் அந்த நாத்தம் போகாம இருக்கலாம். நாத்தம் இல்லை, ஆனா மேல தண்ணி பிரிஞ்சு அடியில படிஞ்சிருக்குன்னா பயப்படாதீங்க, அது சகஜம். கட்டையால அஞ்சு நிமிஷம் நல்லா கலக்குங்க. சீரா சேர்ந்துட்டா நல்ல பெயிண்ட். தயிர் மாதிரி திரிதிரியா நின்னா போச்சு.

எனாமல்ல ஏடு படிஞ்சிருந்தா, அதை உள்ள கலக்கிடாதீங்க. ஓரமா கத்தியால அறுத்து முழுசா எடுத்துட்டு, கீழ இருக்கிறதை வடிகட்டி பயன்படுத்தலாம்.

ஸ்பிரிட் பாலிஷை ஒரு கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மறுநாளும் நகம் பதிஞ்சா அந்த பாலிஷ் வேண்டாம்.

எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு அட்டையில அடிச்சு, முழுசா காய்ஞ்ச பிறகு சுவத்துல வச்சுப் பாருங்க. இன்னொரு உண்மையையும் சொல்லிடுறேன். பெயிண்ட் அதேதான், ஆனா சுவர் நாலு வருஷம் வெயில், புகை, தூசி பார்த்திருக்கும். சின்ன பேட்ச் மட்டும் அடிச்சா லேசா தெரியலாம், பளபளப்பு பெயிண்ட்ல இன்னும் தெரியும். அப்போ ஒரு மூலையில இருந்து அடுத்த மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை மட்டும் அடிச்சிட்டா கண்ணுக்குத் தெரியாது. அப்பவும் மூணு சுவர் செலவு மிச்சம்தானே.

ரொம்ப பழைய எனாமல் டின் இருந்தா ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர் 1-ல இருந்துதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின டின்னை தொட்டில், ஊஞ்சல், ஜன்னல் கம்பின்னு குழந்தை கை வைக்கிற எதுக்கும் பயன்படுத்தாதீங்க. அதை மிச்சம் பிடிச்சு லாபம் இல்லை.

வாடகை வீடு, வரி: சுருக்கமா

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு: காலி பண்ணும்போது "பெயிண்டிங் சார்ஜ்"னு அட்வான்ஸ்ல பிடிக்கிறது பல ஊர்ல வழக்கம். குடி போகும்போதே ஓனர்கிட்ட கலர் கோடு கேட்டு வாங்கிக்கோங்க, சுவர் போட்டோ எடுத்துக்கோங்க, அக்ரிமென்ட்ல பெயிண்டிங் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஆணி ஓட்டையை அடைச்சு டச்-அப் பண்ணிக் கொடுத்துட்டு பேசினா பேச்சுல பலம் இருக்கும்.

வாடகைக்கு விட்டிருக்கிறவங்களுக்கு: பெயிண்ட் பில்லை வாடகை வருமானத்துல தனியா கழிக்க முடியாது. ஆண்டு மதிப்புல 30% நிலையான கழிவு தர்றாங்களே, ரிப்பேர், பெயிண்ட் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். நீங்க ஒரு ரூபா செலவு பண்ணலைன்னாலும் 30% உண்டு. அதனால பெயிண்ட்ல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் உங்க கையில நிக்கும்.

வீட்டை விக்கப் போறவங்களுக்கு: நடுவுல அடிச்ச பெயிண்ட் செலவு பொதுவா பராமரிப்புதான். அதை வீட்டோட மேம்பாட்டுச் செலவா சேர்த்து மூலதன ஆதாயத்தைக் குறைக்கலாம்னு எண்ணாதீங்க.

கடை, ஆபீஸ் வச்சிருக்கிறவங்களுக்கு: பழைய சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கிறது வழக்கமான பராமரிப்புச் செலவா கணக்குல காட்டலாம். ஜிஎஸ்டி பதிவு இருந்து, அந்தச் செலவை கட்டடத்தோட மதிப்புல சேர்க்காம இருந்தா, பெயிண்ட்டுக்கு கட்டின வரியை உள்ளீட்டு வரி வரவா எடுக்கவும் வாய்ப்பு இருக்கு. அதுக்கு உங்க ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்கியிருக்கணும். "வெள்ளை சீட்டு போதும்"னு சொன்னா அந்த வரி போச்சு.

தேறாததை ரைட்-ஆஃப் பண்ணுங்க

கெட்டுப் போன சரக்கை ஸ்டாக்ல காட்டிக்கிட்டே இருந்தா கணக்கு பொய்யாகும். வீட்டுலயும் அப்படித்தான். கெட்டதை வச்சிருந்தா "இருக்கு"ங்கிற தைரியம் மட்டும்தான் இருக்கும், பெயிண்ட் இருக்காது.

நல்லா இருக்கு, ஆனா தேவைக்கு மேல இருக்குன்னா காம்பவுண்ட் சுவரோட உள்பக்கம், ஸ்டோர் ரூம், பழைய அலமாரின்னு அடிச்சு தீர்த்துடுங்க. ஒரே வகை எமல்ஷன் மிச்சங்களை ஒண்ணா கலந்தா ஒரு மாதிரி சாம்பல் கலர் வரும், ஸ்டோர் ரூமுக்கு போதும். உள்சுவர் பெயிண்ட்டை மழை படுற இடத்துல மட்டும் அடிக்காதீங்க, தாங்காது. அக்கம்பக்கத்துல யாருக்காவது தேவைன்னா கொடுத்துடுங்க.

கெட்ட எமல்ஷனை சாக்கடையிலயோ வாஷ்பேசின்லயோ ஊத்தாதீங்க. மணலோ மரத்தூளோ கலந்து, திறந்த வெளியில முழுசா கெட்டியாக விட்டு அப்புறம் போடுங்க. எனாமல், தின்னர் வகையை மண்ணுல ஊத்துறதும், குப்பையோட எரிக்கிறதும் கூடாது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே காலி பெயிண்ட் டின்னை வீட்டு அபாயக் கழிவுன்னுதான் சொல்லியிருந்தாங்க. பேட்டரி, டியூப்லைட் மாதிரி இதையும் தனியா பிரிச்சு உங்க மாநகராட்சி, நகராட்சி ஆட்கள்கிட்ட கொடுங்க.

எங்க வீட்டு பரண்ல இப்போ ரெண்டே ரெண்டு டப்பா. ஹால் எமல்ஷன் ஒரு லிட்டர், பெட்ரூம் எமல்ஷன் அரை லிட்டர். தின்னர், டர்பன்டைன் எதுவும் வீட்டுக்குள்ள கிடையாது. டப்பா மேல இருக்கிற பேப்பர்ல ஏழு விவரமும் அப்பாவோட கையெழுத்துல இருக்கு, அடியில கோடு போட்டு தேதியோட. என்னை விட நல்ல ஆடிட்டர் அவர்.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி உங்க பரணை இறக்கிப் பாருங்க. முதல்ல தேட வேண்டியது பெயிண்ட் இல்லை. லேபிள் இல்லாத பாட்டில் ஏதாவது இருக்கான்னு பாருங்க.